அசையாத மேசை

டம்ளரில் இருந்த தண்ணீர் அசையவில்லை.

சொர்ணாம்பாள் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் கரண்டிகள் தட்டில் பட்டுக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. அதற்கடுத்த மேசையில் ஒரு சீனக் கிழவர் சூப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். கூரை விளக்குகளின் கண்ணாடித் தொங்கல்கள் ஒன்றோடொன்று மோதி ஓயாமல் சத்தம் போட, கம்பளத்துக்குக் கீழே எங்கேயோ பெரிய இரும்பு ஒன்று சுற்றுகிற உறுமல் பாதத்தின் வழியாக ஏறி முழங்கால்வரை வந்து நின்றது. இவர்கள் மேசையில் மட்டும் ரசத்தின் மேல் கிடந்த கொத்தமல்லித் தழை விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"பாத்தியா? பழகிட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு சொன்னேன்ல," என்றார் அவள் புருஷன் தெட்சிணாமூர்த்தி. அவருக்கு அப்பளத்தின் மேல்தான் கண் இருந்தது.

எதிரில் மகள் மங்கையர்க்கரசி தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கப்பல் ஏறியதிலிருந்து ஒரு வாய்ச் சோறு தங்காத பெண், இரண்டாம் முறை சாதம் வாங்கிப் போட்டுக்கொண்டாள். தாய்க்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. நேற்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இதே மேசை மற்ற மேசைகளைப் போலத்தான் உதறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அது ஏன் நின்றது என்று அவளுக்கு மட்டும் லேசாகத் தெரியும்.

தெட்சிணாமூர்த்தி சுகவாசி. அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டிய காலம் முழுக்க, மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியை எவனுக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர். பினாங்கில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால், பிரசவத்துக்கு மகளை அழைத்துவர இவர்களே போகும்படி ஆயிற்று. மங்கைக்கு இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. திரும்பும்போது விமானத்தில் போய்விடலாம் என்று சொர்ணாம்பாள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கப்பல் கம்பெனிக்காரன் கொடுத்த வழவழப்பான காகிதத்தை எடுத்து நீட்டினார். வெள்ளைத் துணி விரித்த மேசைகள், நடுவில் பூ, கோட்டுப் போட்ட பரிமாறுகிற ஆட்கள், மேலே 'உல்லாசக் கடல் பயணம்' என்ற கொட்டை எழுத்து.

"ஆயுசுல ஒரு தடவயாச்சும் சொகமாப் போவோம்டி. எல்லாத்துக்கும் மூக்கச் சிந்தாத," என்றார்.

படத்தில் பூவைப் போடலாம். அதிர்வைப் போட முடியாது. சாப்பாட்டு ஹால் கப்பலின் வால் பக்கத்தில் இருந்தது. வாசலில் கால் வைத்ததுமே பல் கிடுகிடுத்தது. அங்கே பரிமாறிய முகம்மது இப்ராஹிம் திருமலைராயன்பட்டினத்துக்காரர். இவர்கள் ஊர் கோவில்பத்து என்று கேட்டதும் முகம் மலர்ந்து, மேசைத் துணியின் மேல் தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்துவிட்டார். துணி ஈரமாக இருந்தால் தட்டு நகராதாம்.

"இதுக்கு நேர் கீழதாம்மா கப்பலத் தள்ளுற காத்தாடி சுத்துது. அதான் இந்த ஆட்டம். எங்களுக்குப் பழகிப்போச்சு, புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குத்தான் கஷ்டம்."

அவர் சொன்னபடியேதான் ஆனது. மங்கை சாப்பிடுவாள், எழுந்து ஓடுவாள், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பாள். ஒருநாள் அவள் புடவையில் பொட்டாக ரத்தம் கண்டது. சொர்ணாம்பாள் ஆளைக் கூப்பிட ஓடினாள். கப்பல் டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாடு தங்கவேண்டும், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று போய்விட்டார். சாப்பாட்டை அறைக்கே வரவழைக்கலாம் என்று சொன்னதற்கு, "இம்மாம் பெரிய ஹால் இருக்கச்ச, பொட்டிக்குள்ள ஒக்காந்து திங்கவா வந்தோம்?" என்றார் தெட்சிணாமூர்த்தி. அந்த நிமிஷம் அவரைப் பிடித்துக் கடலில் தள்ளினால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஊரில் அவள் காக்கைக்கு வைக்காமல் ஒருநாளும் சோற்றில் கை வைத்ததில்லை. வடித்த சோற்றில் முதல் பிடி, பருப்பும் நெய்யும் விட்டு, மதில்மேல் வைத்து "கா, கா" என்று கூப்பிடுவாள். மாமனார், மாமியார், தன் தகப்பனார் என்று மனதுக்குள் ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வாள். காக்கை வந்து கொத்தினால்தான் அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்கும். நடுக்கடலில் காக்கைக்கு எங்கே போவது? கப்பலின் மேல்தளத்தில் வைத்துப் பார்த்தாள். துடைக்கிற ஆள் வந்து சத்தம் போட்டான்.

ரத்தம் கண்ட மறுநாள் மத்தியானம், யாரும் பார்க்காதபோது, கைதுடைக்கிற காகிதத்தில் ஒரு பிடி சோற்றை வைத்து மேசைக்குக் கீழே கம்பளத்தின் மேல் நகர்த்தினாள். தன் மனிதர்கள் கடல் தாண்டி வருவார்களா என்று ஒரு சந்தேகம் வந்தது. வராவிட்டால்? மகள் எதிரில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"யாரா இருந்தாலும் வந்து எடுத்துக்கங்க," என்று வாய்க்குள் சொன்னாள். "எம் பொண்ணு வயித்துல இருக்கறத மட்டும் ஆடாம அசங்காமப் புடிச்சுக்கங்க."

அதற்குப் பிறகுதான் டம்ளரில் தண்ணீர் நின்றது.

சாப்பிட்டு எழுந்திருக்கும்போது முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து பார்த்தாள். காகிதத்தில் ஒரு பருக்கை இல்லை. காகிதம் நனைந்திருந்தது.

அடுத்தடுத்த நாட்களிலும் அவள் ஒரு பிடி கீழே வைத்தாள். மங்கைக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. அந்த மேசையில் உட்கார்ந்தால் தொட்டிலில் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். தெட்சிணாமூர்த்தி பக்கத்து மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு பம்பாய்க்காரர் தன் சில்லறைக் காசை மேசைமேல் செங்குத்தாக நிறுத்திப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டுப் போனார். காசு நின்றது. இப்ராஹிம் மட்டும் சிரிக்கவில்லை. தட்டு எடுக்க வந்தவர் மேசையில் கை ஊன்றினார், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"என்னங்க பாய்?" என்றாள் மெதுவாக.

"ஒண்ணுமில்லம்மா. சில்லுன்னு இருக்கு." சற்றுத் தயங்கினார். "கீழ்த்தளத்துல வர்றவங்க யாரும் நடுவுல மவுத்தாயிட்டா, இந்த வால் பக்கமாத்தான் கடல்ல எறக்குவாங்க. சொந்தபந்தம் இருக்காது, அழ ஆளிருக்காது. சும்மா ஞாபகம் வந்துச்சு. நீங்க சாப்புடுங்க."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் அவள் ஒன்றும் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று காலையிலிருந்தே தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தாள். பருப்புச் சோறு வந்தது, மோர்க்குழம்பு வந்தது, மேசை சும்மா இருந்தது. சரி, விட்டது சனியன் என்று நினைத்த நேரத்தில் அவள் கால் பெருவிரலில் ஈரமாக ஏதோ பட்டது. காலை இழுத்துக்கொண்டாள். கம்பளம் சொதசொதவென்றிருந்தது. உப்பு நாற்றமும், நாள்பட்ட ஈரத்துணி நாற்றமும் கீழேயிருந்து மெல்ல ஏறின. அப்புறம் ஆட்டம் வந்தது. ஹாலில் இருந்த ஆட்டம் இல்லை அது. மேசையை யாரோ காலைப் பிடித்து உலுக்குகிற ஆட்டம். டம்ளர் சாய்ந்தது, குழம்பு கவிழ்ந்தது. மங்கை "அம்மா!" என்று இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள்.

சொர்ணாம்பாள் யோசிக்கவில்லை. தன் தட்டில் இருந்ததை அப்படியே அள்ளிக் கீழே போட்டாள்.

ஆட்டம் நின்றது. மங்கை மூச்சு விட்டாள். மேசைக்குக் கீழே யாரோ ஈர வாயால் மெல்லுகிற சத்தம் கேட்டது. ஒருவர் மெல்லுகிற சத்தம் இல்லை அது.

அன்றிலிருந்து அவள் மறக்கவில்லை. ஒரு பிடி இரண்டு பிடியாயிற்று, பிறகு தட்டில் பாதியாயிற்று. கப்பல் நாகப்பட்டினத்தில் கரைக்குத் தள்ளி நங்கூரம் போட்டு, படகில் இறக்கிவிட்டபோது, அவள் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். கடலோடு வந்தது கடலோடு போகட்டும். காரைக்கால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாஞ்சூர் தாண்டியதும்தான் அழுதாள். பாவம், பிழைத்துவிட்டோம் என்று நினைத்து அழுதாள்.

கோவில்பத்து வீட்டில் முதல்நாள் குளித்து, உலை வைத்து, முதல் பிடியை மதில்மேல் வைத்துக் கூப்பிட்டாள். காக்கைகள் வந்தன. வேப்பமரத்திலும் மதில் கோடியிலும் வரிசையாக உட்கார்ந்தன. சோற்றைப் பார்த்தன. அவளைப் பார்த்தன. ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் சோறு காய்ந்துகொண்டு கிடந்தது. அடுத்த வீட்டு லோகாம்பாள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஒங்க ஊட்டுக் காக்காய்க்குக் கப்பல் சாப்பாடுதான் எறங்குமோ?" என்று கேலி பேசிவிட்டுப் போனாள். சொர்ணாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தெட்சிணாமூர்த்திக்குக் கப்பல் பைத்தியம் தெளியவில்லை. இனிமேல் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று, நெடுங்காடு போய் ஆசாரியிடம் சொல்லி ஒரு தேக்கு மேசையும் நாலு நாற்காலியும் செய்து கொண்டுவந்து கூடத்தில் போட்டார். வெள்ளைத் துணி வேறு.

"அது வாணாங்க. புள்ள தரையில ஒக்காந்தே சாப்புடட்டும்," என்று அவள் தடுத்தாள்.

"வாயும் வயிறுமா இருக்கறவளத் தரையில மடக்கி ஒக்கார வப்பியா? நீ ஒரு தாயா?"

அதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? சொன்னால், கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். மங்கையும் அப்பா பக்கம்தான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டு, "சொகமா இருக்கும்மா," என்றாள். நன்றாகச் சாப்பிட்டாள். முன்னைவிட நிறையச் சாப்பிட்டாள். வடிக்கிற சோறு போதவில்லை. சொர்ணாம்பாள் மேசைக்குக் கீழே எதுவும் வைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிக பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். முருங்கைக்காய்ச் சாம்பார் கொதித்த வாசனை கூடம் முழுக்க இருந்தது. அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. சொர்ணாம்பாள் அதை முகர்ந்தும் முகராதவள் போலப் பரிமாறிக்கொண்டிருந்தாள். தெருவில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. அது போகும்போது வீடே லேசாக அதிர்வது வழக்கம்தான். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் சலசலத்தன, சாமி படத்துக் கண்ணாடி கிடுகிடுத்தது, அவள் கையில் இருந்த கரண்டி சாம்பார்ப் பாத்திரத்தில் பட்டுப் பட்டென்று அடித்தது. மேசைமேல் இருந்த டம்ளரை அவள் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

தண்ணீர் அசையவில்லை.

"மங்கை," என்றாள். மறுபடி கூப்பிட்டாள். "மங்கை, புள்ள ஒதைக்குதா?"

"இல்லம்மா." மகள் நிம்மதியாகச் சிரித்தாள். "பினாங்குல ராவும் பகலும் ஒதைச்சுத் தூங்கவே வுடாது. இப்பல்லாம் சமத்து. ஒரு அசைவு இல்ல. அதான் இவ்வளவு சொகமா இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"கப்பல்லேர்ந்தே அப்படித்தாம்மா. இங்க வந்து கொஞ்ச நாள் லேசா நெளிஞ்சுச்சு. அப்பறம் அதுவும் இல்ல."

சொர்ணாம்பாள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். மகளின் வயிற்றில் கை வைத்தாள். புடவைக்கு மேலேயே உள்ளங்கையில் சில்லிப்பு ஏறியது. காத்திருந்தாள். வயிறு கல்லாக இருந்தது. உள்ளே ஒரு துள்ளல், ஒரு நெளிவு, ஒரு சின்ன முட்டல், எதுவும் இல்லை. ஆடாமல் அசங்காமல் பிடித்துக்கொள்ளச் சொன்னவள் அவள்தான். வாயைத் திறந்து கேட்டவள் அவள்தான்.

"என்னங்க, எந்திரிங்க. வண்டி கூப்புடுங்க. ஆசுபத்திரிக்குப் போவணும்."

"என்னாத்துக்கு? நல்லாத்தானே திங்கிறா?"

"எந்திரிங்கன்னா!"

"செத்த இரு, பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கறதா? மோர் ஊத்து. சாப்புட்டதும் போவலாம்." அவர் சாதத்தைப் பிசைந்தார். "காலாகாலத்துல நிம்மதியாச் சாப்புட வுடமாட்டியே."

அவளுக்கு அவர் முகத்தில் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. மகளின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். மங்கை எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் இல்லை. அவள் உடம்பு நாற்காலியோடு சேர்ந்து இறுகியிருந்தது. இழுத்தாள். வரவில்லை. பலம் கொண்டமட்டும் இழுத்தாள். யாரோ அந்தப் பக்கம் இழுத்தார்கள்.

"அம்மா, இன்னுங் கொஞ்சம் சோறு," என்றாள் மங்கை, சிரித்த முகம் மாறாமல்.

சொட்டு. சொட்டு. மேசைத் துணியின் விளிம்பிலிருந்து தரையில்.

பார்க்காதே.

தரையில் ஈரம். கூடத்தின் சிவப்புத் தரையில், மேசையைச் சுற்றி, நனைந்த கால்களின் தடங்கள். எல்லாம் உள்ளே போகிற தடங்கள். ஒன்றுகூட வெளியே வரவில்லை.

குனிந்தாள். வெள்ளைத் துணியை விலக்கினாள்.

மேசைக் கால்களை யாரும் பிடித்திருக்கவில்லை. கைகள் எல்லாம் மகளின் வயிற்றில் இருந்தன. ஊறி வெளுத்த கைகள். ஆண் கை, பெண் கை, ஒரு விரலில் ஈயம் போல் கறுத்துப்போன மோதிரம். ஒன்றன்மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல், கவனமாக, பூப்போல. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னால் இருட்டு இருந்தது. மத்தியான வெயிலில், இவ்வளவு சின்ன மேசைக்குக் கீழே, அவ்வளவு ஆழமான இருட்டு.

ஒரு கை மட்டும் வயிற்றைவிட்டுப் பிரிந்து அவள் பக்கம் நீண்டது. உள்ளங்கை மேலே பார்க்க விரிந்தது. காலியான கை.

சொர்ணாம்பாள் மேலே கையை நீட்டித் தட்டில் இருந்த சோற்றைத் தடவி எடுத்தாள். அந்த உள்ளங்கையில் வைத்தாள். வாய் தானாக முணுமுணுத்தது. "எடுத்துக்கங்க. எடுத்துக்கிட்டு வுட்டுடுங்க. வுட்டுடுங்க, சாமி."

விரல்கள் மூடின. சோறு போயிற்று.

வயிற்றின் மேலிருந்த கைகளில் ஒன்றுகூட விடவில்லை. இருட்டுக்குள்ளிருந்து இன்னொரு கை நீண்டு விரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால், கண் போகிற தூரம் வரைக்கும், பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல வரிசையாக, விரிந்த கைகள்.

மேலே தெட்சிணாமூர்த்தி திருப்தியாக ஓர் ஏப்பம் விட்டார்.